எல்லா வாக்கும் ஒருவருக்கே விழுந்த கரை

நீங்கள் தெரிந்துகொண்டே பொய் சொன்னீர்கள்.

நகரத்து விடுதி மண்டபத்தில், வரிசையாக வைத்த ஒலிவாங்கிகளுக்கு முன்னால் இருந்து, இந்தக் குடாவின் ஒரு மீன்பிடிக் கரையில் ஒருவர் மற்ற எல்லோரையும் பயமுறுத்தி வாக்கு வாங்கினார் என்று சொன்னீர்கள். அவரை எதிர்த்து நின்றவர் தனக்குத் தானே வாக்குப் போடக்கூடத் துணியவில்லை என்று சொன்னீர்கள். எதிர்த்து நின்றவர் என் கணவர். அவர் ஏன் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை என்பதை உங்களுக்கு நான் சொன்னேன். உங்கள் வாகனத்துக்குள், உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். தலையாட்டிவிட்டுப் போய் வேறு கதை சொன்னீர்கள்.

நாட்டில் ஆட்சி மாறிய பிறகு வந்த சர்வதேசத் தூதுக்குழுவின் தலைவி நீங்கள். இந்த நாடு ஜனநாயகத்துக்குத் திரும்ப உதவி செய்ய வந்தோம் என்று சொன்னீர்கள். அது மேலிருந்து வராது, அடியிலிருந்து வர வேண்டும், சங்கங்களிலிருந்தும் கூட்டுறவுகளிலிருந்தும் தொடங்க வேண்டும் என்றீர்கள். எங்கள் கரைவலைச் சங்கத்தையும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டீர்கள். நாங்களும் சரி என்றோம். வந்த விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

அன்று நடந்ததை நான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் சொன்னதைக் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

கரைவலை என்றால் கடலுக்குள் தோணியில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. எங்கள் கரையில் ஒரு பக்கம் தேவாலயம், மறுபக்கம் பள்ளிவாசல். இரண்டு பக்கத்திலும் வலைகள் இருக்கின்றன. கடல் ஒன்று, வலை விடக்கூடிய இடமும் ஒன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் விட ஏலாது. முறை வைத்துத்தான் விடலாம். விடியற்காலையில் விடுகிற வலைக்கு மீன் அதிகம். வெயில் ஏற ஏற மீன் வெளியே போய்விடும். கடைசி முறை மத்தியானத்தில் வரும். அதற்குள் தண்ணீரும் கலங்கிவிடும்.

முறையைச் சொல்கிறவர் சங்கத் தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான். அதற்காக எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தலைவராக இருக்கிற வருடம் முழுக்க அவருடைய வலைக்கு மத்தியான முறைதான். பங்கு பிரிக்கிறவன் கடைசியில் எடுத்தால்தான் மற்றவன் வாயைத் திறக்க மாட்டான். ஆகவே தலைவர் பதவி எங்கள் கரையில் பரிசு இல்லை, ஒரு வருட நட்டம். அதை ஒருவர் தலையிலேயே கட்ட ஏலாது என்பதால் ஒரு வருடம் தேவாலயப் பக்கம், மறு வருடம் பள்ளிவாசல் பக்கம் என்று மாறி மாறி எடுப்போம். சண்டைக் காலத்தில் எல்லோரும் ஓடினோம். ஓடிய இடத்தில் ஒருவரை ஒருவர் நம்பாமலும் இருந்தோம். திரும்பி வந்து தறப்பாள் கூடாரங்களில் இருந்தபோது இரண்டு பக்கமும் முதலில் பேசியது, இப்போது யாருடைய வருடம் என்பதைத்தான்.

நீங்கள் வந்தது பள்ளிவாசல் பக்கத்து வருடம். அந்தப் பக்கத்தில் முறை வந்தவரை எல்லோரும் காக்கா என்போம், முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் கணவரை விட மூத்தவர். அதிகம் கதைக்க மாட்டார். கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு எங்காவது ஒரு கிழிந்த வலையை எடுத்துப் பொத்தத் தொடங்கிவிடுவார். யாருடைய வலை என்றும் பார்க்க மாட்டார்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம். நீங்கள் முன்னால் கதிரையில் இருந்தீர்கள். மொழிபெயர்க்க வந்த பிள்ளை உங்களுக்குப் பக்கத்தில் நின்றாள். கொழும்புப் பிள்ளை, நல்ல தமிழ். தலைவர் யார் என்று கேட்டீர்கள். எல்லோரும் காக்காவைக் காட்டினோம். வேறு யார் போட்டியிடுகிறார்கள் என்று கேட்டீர்கள். ஒருவரும் இல்லை என்றோம்.

"ஒருவர் மட்டும் நின்றால் அது தேர்தல் ஆகாது என்று மேடம் சொல்கிறார்," என்றாள் அந்தப் பிள்ளை.

"அப்ப மேடத்தையே நிக்கச் சொல்லுங்கோ," என்று பின்னால் இருந்த ஒருவன் சொன்னான். "வெண்டால் மத்தியானம் வலை விட நாங்க பழக்கி விடுறம்."

எல்லோரும் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளரும் சிரித்துவிட்டாள். அதை உங்களுக்குச் சொன்னாளோ தெரியாது.

காக்கா என் கணவரைப் பார்த்தார். "தம்பி, நீ நில்லு. அடுத்த வருசம் எப்படியும் உன்ட தலைலதானே விழப்போகுது. பேர இப்பவே பழக்கிக்க."

"நிக்கிறன் காக்கா," என்றார் இவர். "ஆனா ஒண்டு. ஆராவது எனக்குப் போட்டீங்களெண்டால் நான் கரைக்கே வரமாட்டன். உங்கட முறைய நீங்களே பிரிச்சுக்கொள்ளுங்கோ."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் அந்தச் சிரிப்பையும் பார்த்தீர்கள். பயந்த கூட்டம் அப்படிச் சிரிக்குமா என்று உங்களுக்குத் தோன்றவில்லை.

வாக்குப் போடும் நாள் வந்தது. நீங்கள் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டி கொண்டுவந்தீர்கள். மட்டையால் ஒரு மறைப்புச் செய்தீர்கள். விரலில் பூச மை இருந்தது. காக்காவுக்குத் தோணி, இவருக்கு நங்கூரம் என்று சின்னம் வேறு. கிழவர்கள் எல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்திருந்தது. பெண்களும் போடலாம் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றீர்கள். அதற்கு முதல் எங்கள் சங்கத்தில் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நான் மீன் வாங்கி ஐஸ் போட்டு லொறியில் ஏற்றுகிறவள். அந்தக் கரையில் என் கை படாமல் ஒரு மீன் வெளியே போகாது. ஆனால் கூட்டத்தில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றும் வேலைதான் இருந்தது. அதை மாற்றியது நீங்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மட்டை மறைப்புக்குள் நான் போனேன். தோணியும் நங்கூரமும் தாளில் இருந்தன. நங்கூரத்துக்குப் போட்டு இவர் தப்பித் தவறி வென்றால் இந்த வருடம் எங்கள் வலைக்கு மத்தியான முறை. அடுத்த வருடம் எங்கள் பக்கத்து வருடம், அப்போதும் இவர்தான், அப்போதும் மத்தியானம். எந்தப் பெண்சாதி போடுவாள்? தோணிக்குக் கோடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

எண்ணும்போது மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு தாளாக எடுத்து எல்லோருக்கும் காட்டிச் சொன்னாள். தோணி. தோணி. தோணி. கொஞ்ச நேரத்தில் அவள் தாளை விரிக்க முதலே கூட்டம் சேர்ந்து சொல்லத் தொடங்கியது. பெட்டி வெறுமையாகும்வரை தோணிதான். நங்கூரம் ஒன்றும் இல்லை. ஆட்கள் கையைத் தட்டினார்கள். காக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஒராளாச்சும் மாறிப் போட்டிருக்கக் கூடாதாடா," என்றார்.

உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நீங்கள் என் கணவரிடம் கேட்டீர்கள், "உங்களுடைய வாக்கு எங்கே?"

"நானும் தோணிக்குத்தான் போட்டனான்," என்றார் இவர்.

கூட்டம் திரும்பவும் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. உங்களோடு வந்த ஒருவரிடம் காதுக்குள் ஏதோ சொன்னீர்கள். பிறகு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வந்து, மேடம் உங்களோடு தனியாகப் பேச விரும்புகிறார் என்றாள். எல்லோரும் பார்க்க என்னை உங்கள் வாகனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது. குளிராக இருந்தது. வெளியே நின்றவர்களுக்கு என் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் கணவர் ஏன் தனக்கு வாக்களிக்கவில்லை என்று கேட்டீர்கள். நான் முறையைப் பற்றிச் சொன்னேன். மத்தியான வலையைப் பற்றிச் சொன்னேன். இது காக்காவின் பக்கத்து வருடம் என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் நிறுத்தினால் அவள் நிறுத்துவாள், நான் தொடங்கினால் தொடங்குவாள்.

தேர்தலுக்கு முதல் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டீர்கள்.

"ஓம், வந்தவை," என்றேன். "ஒவ்வொரு நாளும் வருவினம். இண்டைக்கும் காக்காட பெண்சாதி வந்து எங்கட கறிவேப்பிலை மரத்தை மொட்டையாக்கிப்போட்டுப் போனவ."

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் வேறு மதம், நீங்கள் வேறு மதம், உங்களுக்கிடையில் பயம் இல்லையா என்று கேட்டீர்கள்.

நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "பயம் இருந்த காலம் இருந்தது. ரெண்டு பக்கமும் இருந்தது. இது அதில்லை. இது வலைக் கணக்கு."

நீங்கள் தலையாட்டினீர்கள். மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். பின்னேரம் கந்தளாயில் அடுத்த கூட்டம் என்றாள் மொழிபெயர்ப்பாளர். நான் இறங்கினேன். வாகனம் போய்விட்டது.

சாம்பல்தீவில் இருக்கிற என் தங்கச்சிதான் அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாள். "அக்கா, இது உங்கட கரையல்லோ?" என்று கேட்டிருந்தாள். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. ஊரின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, கவனமாக இருந்துகொண்டீர்கள். ஆனால் உங்களுக்குப் பின்னால் இருந்த திரையில் எங்கள் சங்கக் கட்டடம். அதற்கு முன்னால் மை பூசிய விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு காக்கா. அதுவும் நீங்களே நிற்கச் சொல்லி எடுத்த படம். எல்லா வாக்கும் ஒருவருக்கே விழுகிற இடத்தில் சுதந்திரம் இல்லை என்றீர்கள். வேட்பாளரின் குடும்பத்துப் பெண் ஒருத்தியே பயத்தைப் பற்றித் தனியாக எங்களிடம் பேசினாள் என்றீர்கள்.

அந்தப் பெண் நான்தான். நான் சொன்னதில் முதல் பாதியை எடுத்துக்கொண்டு மற்றப் பாதியைக் கந்தளாய்ப் பாதையில் எறிந்துவிட்டீர்கள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீங்கள் நிற்கவில்லை.

எங்கள் வலை விழுகிற இடம் துறைமுக எல்லைக்குள் கொஞ்சம் போகிறது. அதனால் தோணிக்கும் வலைக்காரருக்கும் அனுமதி அட்டை வேண்டும். அட்டை இல்லாமல் தோணியைத் தண்ணீரில் வைக்க ஏலாது. வீடியோ வந்து கொஞ்ச நாளில் அட்டை கொடுக்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து இரண்டு அலுவலர்கள் வந்தார்கள். காக்காவின் பெயரைக் கேட்டார்கள். மிரட்டல் பற்றிய விசாரணை முடியும்வரை என்று சொல்லி அவருடைய அட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் வாங்கினார்கள். காக்காவும் ஒன்றும் கேட்காமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவருடைய தோணி கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அந்த வலையை நம்பி இருக்கிற குடும்பங்கள் எல்லாம் சும்மா இருக்கின்றன.

பிறகு கதை தொடங்கியது. வெள்ளைக்காரிக்கு யார் சொன்னது? வாகனத்துக்குள் போய்க் கதைத்தது யார்? கரை முழுக்கப் பார்த்தது. பதில் சொல்ல யாரும் கஷ்டப்படவில்லை.

முதலில் காக்காவின் பெண்சாதி வருவது நின்றது. கறிவேப்பிலை மரம் தளிர்த்துப் பெரிதாகிவிட்டது. அந்தப் பக்கத்துப் பெண்கள் என்னிடம் மீன் கொடுப்பதை நிறுத்தி, வெளியிலிருந்து வந்த ஒரு லொறிக்குக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்திலும் சிலர், "அவையள் பயமுறுத்தாமல் விட்டிருப்பினமோ, ஆருக்குத் தெரியும்" என்று சொல்லத் தொடங்கினார்கள். தோணிக்குப் போட்ட அதே ஆட்கள். தங்கள் கையால் போட்டதையே உங்கள் வீடியோவைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். எனக்கு அதுதான் அதிகம் எரிந்தது.

ஒரு விடியற்காலை எங்கள் வலைக்கு முதல் முறை. முறை சொல்ல வேண்டியவர் கந்தோருக்குப் போயிருந்தார், அவரை ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பழையபடி வலையை விட்டோம். ஒரு முனைக் கயிற்றை எங்கள் ஆட்கள் இழுப்பார்கள், மற்ற முனையைக் காக்காவின் ஆட்கள் வந்து பிடிப்பார்கள். அவர்களுடைய வலைக்கு நாங்களும் அப்படித்தான். இதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வலை தண்ணீருக்குள் போனால் ஆட்கள் வருவார்கள்.

அன்று வரவில்லை. கவிழ்ந்து கிடந்த தோணிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து இரண்டு கயிற்றையும் பிடித்தார்கள். பெண்கள் நாங்களும் ஓடிப்போய்ப் பிடித்தோம். நீரோட்டம் தெற்கே இழுத்தது. தெற்கு முனையில் கல் இருக்கிறது. ஒரு பக்கக் கயிறு வேகமாக வந்தது, மற்றது வரவில்லை. வலை சரியத் தொடங்கியது.

இவர் அவர்களைப் பார்த்துக் கத்தினார். "டேய், கல்லுக்குப் போகுது. வாங்கோடா."

ஒருவரும் அசையவில்லை. காக்காவின் மருமகன் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, காருக்குள்ள இரிந்து கதைச்சீங்கதானே. அந்த மேடத்துக்குக் கோல் எடுங்க. வந்து இழுத்துத் தருவாங்க."

அவன் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். கயிற்றை விட்டால் கையைத் தோலோடு கொண்டு போய்விடும். மணலில் கால் புதையப் புதைய இழுத்தோம். வலையில் மீன் சேர்கிற மடி கல்லில் ஏறியது. மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. பிறகு கயிறு திடீரென்று லேசானது. அது என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். கரைக்கு வந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

காக்கா மத்தியானம் திரும்பி வந்தார். கிழிந்த வலை மணலில் கிடந்தது. தன் மருமகனைப் பார்த்தார், அவன் வேறு பக்கம் திரும்பினான்.  காக்கா வலைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு இருந்து, ஊசியை எடுத்துப் பொத்தத் தொடங்கினார். அதைப் பார்த்து மனம் இளகுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் கோபத்தில் இருந்தார். நான் கிட்டப் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தங்கச்சி," என்றார். "காருக்குள்ள என்ன சொன்னீங்க?"

சொன்னேன். கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

திரும்பவும் சொன்னேன். பயம் இருந்த காலம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் காக்கா."

ஊசி நிற்கவில்லை. "நான் நம்புறன்," என்றார். "நான் நம்பி என்ன செய்ய? என்ட ஊட்டுப் பொடியனே நம்புறானில்ல. கந்தோர்ல நம்புறானுகளா?"

அடுத்த நாள் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கந்தோருக்குப் போனோம். காக்காவை வெளியே இருக்கச் சொன்னார்கள். மிரட்டியவரை வைத்துக்கொண்டு மிரட்டப்பட்டவரிடம் விசாரிக்க ஏலாதாம். நானும் இவரும் உள்ளே போனோம். அதிகாரி நல்ல மாதிரித்தான் இருந்தார். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

"அவர் என்னை வெருட்டயில்லை ஐயா," என்றார் இவர். "நானாத்தான் அவருக்குப் போட்டனான்."

"உங்களுக்கெதிராப் போட்டியிட்டவருக்கு?"

"ஓம்."

"உங்கட மனுசியும்?"

"ஓம், நானும்," என்றேன்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "ஐயா, பயந்த ஆள் இங்க வந்து நான் பயந்தனான் எண்டு சொல்லுவாரோ? அவர் வெளியில இருக்கிறார். நீங்கள் அவரோட ஒரே ஓட்டோவில வந்திருக்கிறீங்கள். நான் என்னண்டு எழுதுறது?"

இவருக்கு முகம் சிவந்தது. "அப்ப நான் என்ன சொன்னா நம்புவியள்? அவர் வெருட்டினவர் எண்டு சொன்னா மட்டுமோ?"

"நீங்கள் சொல்லி இது சரிவராது," என்றார் அதிகாரி. "இது வெளிநாட்டுக் குழு பகிரங்கமாச் சொன்ன விசயம். மேலிடத்தில எல்லாரும் பாத்திட்டினம். அவையளே பிழை எண்டு சொன்னா நான் இண்டைக்கே அட்டையைக் குடுப்பன். அதுவரைக்கும் என்ர கையில ஒண்டும் இல்லை."

பார்த்தீர்களா? இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல, பயம் இன்னும் பெரிதாகிறது. என் கணவரின் வாய்க்கு இப்போது மதிப்பில்லை. என் வாய்க்கும் இல்லை. எங்களுக்குக் குரல் கொடுக்க வந்தோம் என்று சொன்ன நீங்கள்தான் அதை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

கொழும்பில் உங்கள் கந்தோருக்குப் பேசினேன். தூதுக்குழுவின் வேலை முடிந்துவிட்டது என்றார்கள். நீங்கள் இன்னொரு நாட்டுக்கு, இதே வேலைக்குப் போய்விட்டீர்களாம். எழுதிக் கேட்டோம். தனித்தனி இடங்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை என்று பதில் வந்தது. திரையில் காக்காவின் முகத்தைப் போட்டபோது அது தனி இடமாக இருக்கவில்லையா?

மொழிபெயர்த்த பிள்ளையையும் தேடிப் பிடித்தேன். அவள் எதையும் மறக்கவில்லை. "நீங்கள் சொன்ன முழுவதையும் நான் சொன்னேன் அக்கா," என்றாள். "வலைக் கணக்கு என்பதையும் சொன்னேன். மேடம் கேட்டார். பிறகு திரும்பிப் போகும்போது, இப்படி ஒரு விளக்கத்தைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள், இதை வேறு நாடுகளிலும் பார்த்திருக்கிறேன் என்று சொன்னார்."  தன் வேலை போய்விடும், தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நான் கூப்பிட மாட்டேன். அவளுக்கு ஏலாததைக் கேட்டு என்ன செய்ய?

ஆக, நீங்கள் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, எனக்கு யாரோ சொல்லித் தந்தார்கள் என்று முடிவு செய்தீர்கள். எங்கள் கரையில் இருக்கிற ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு விளக்கம் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

தேர்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயத்தோடு வாக்குப் போட்ட காலங்களை நான் கண்டிருக்கிறேன். போடப் போகாமல் வீட்டுக்குள் இருந்த காலத்தையும் கண்டிருக்கிறேன். அதையெல்லாம் யாராவது வந்து பார்க்க மாட்டார்களா என்று அன்று நினைத்தோம். அன்று வரவில்லை. எங்கள் முறை வழக்கத்தில் பிழையே இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் வலைக்கு அந்தக் கரையில் முறை கிடைத்ததில்லை. புருசன் செத்தால் வலையை விற்கத்தான் வேண்டும். அதைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால், உங்கள் வாகனத்தில் கந்தளாய் வரைக்கும் வந்து சொல்லியிருப்பேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை. நீங்கள் வரும்போதே கையில் ஒரு பயத்தைக் கொண்டுவந்தீர்கள். அதை எங்காவது இறக்கி வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. காக்கா அகப்பட்டார்.

வாடைக்காற்று தொடங்கினால் கரைவலை இல்லை. கடல் எழும்பிவிடும். அதற்கு முதல் காக்காவின் தோணி தண்ணீரில் இறங்காவிட்டால் இந்த வருடம் அவருக்கு மத்தியான மீன்கூட இல்லை. அடுத்த வருடம் எங்கள் பக்கத்து வருடம். இவர் தலைவராக மாட்டேன் என்கிறார். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் எடுக்க வரவில்லை. பள்ளிவாசல் பக்கம், இனி எங்களுக்கு வேறாகச் சங்கம் வேண்டும் என்று கதைக்கிறது. ஒரு கடலில் இரண்டு சங்கம் வந்தால் விடியற்காலை முறையை யார் சொல்வது? என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கரையில் கத்தியும் மண்வெட்டியும் இல்லாத வீடு இல்லை.

அதனால் கேட்கிறேன். எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். கொழும்பிலிருந்து யாரையும் அனுப்பிச் சமாதானம் சொல்ல வேண்டாம். எந்த நாட்டில் இருந்தாலும், முதல் பேசியது போலவே ஒலிவாங்கிக்கு முன்னால், எல்லோரும் பார்க்க வந்து இருங்கள். அந்த வாகனத்துக்குள் நான் உங்களுக்கு முறையைப் பற்றியும் மத்தியான வலையைப் பற்றியும் சொன்னேனா, இல்லையா? சொல்லவில்லை என்றால் அதையும் பகிரங்கமாகச் சொல்லுங்கள், நான் வந்து உங்களுக்கு முன்னால் நிற்கிறேன். சொன்னேன் என்றால், எங்கள் தலைவர் யாரையும் மிரட்டவில்லை என்று, அவருடைய முகத்தைக் காட்டிய அதே அளவுத் திரையில் அவர் முகத்தைக் காட்டிச் சொல்லுங்கள். ஓமா, இல்லையா? எனக்கு அந்தப் பதில் வேண்டும்.